சுடுகிற இன்ஜினை நம்பாதே

பழைய தண்டர்பேர்ட் பார்க்கப் போனால் சாவி கேட்கும் முன் இன்ஜின் மேல் கை வையுங்கள். சுட்டால், நீங்கள் வருமுன் யாரோ ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். "இப்பதான் கடைக்குப் போய்ட்டு வந்தேன் சார்" என்பார் விற்பவர். டீ குடித்துவிட்டு, நன்றாக ஆறியபின் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ராயல் என்ஃபீல்டு 2002-ல் கொண்டுவந்து 2020-ல் நிறுத்திய க்ரூசர் இது. பின்னாளில் வந்த ட்வின்ஸ்பார்க் இன்ஜின் 346 சி.சி. பிஸ்டன் விட்டம் 70 மி.மீ.; அது ஏறி இறங்கும் தூரமோ 90 மி.மீ. அதனால்தான் முறுக்காமலே இழுக்கிறது.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டேப்பட் பக்கம் டக்டக்கென்று சத்தம் வரலாம். பயப்பட வேண்டாம். இந்த ட்வின்ஸ்பார்க் இன்ஜினில் டேப்பட் இடைவெளியை ஆயில் அழுத்தமே சரிசெய்துகொள்ளும். ஆயில் மேலேறச் சில நொடிகள் பிடிக்கும். அப்புறமும் ஓயவில்லை என்றால்தான் கவலை. சைலென்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங், போர் வேலைக்குத் தனியாகப் பணம் எடுத்துவையுங்கள். செல்ஃப் பட்டனை அழுத்தினால் மோட்டார் மட்டும் சுற்றி, இன்ஜின் சுற்றவில்லையா? இரண்டையும் இணைக்கும் ஸ்ப்ராக் க்ளட்ச் தேய்ந்திருக்கலாம். கிக்கரை உதைத்துக் காட்டி, "பேட்டரி வீக்" என்று சமாளிப்பார்கள்.

வெடிச் சத்தம் போடும் சைலென்சர் மாட்டிய வண்டி என்றால் நான் திரும்பி வந்துவிடுவேன். அந்த இரைச்சலில் டேப்பட்டும் கேட்காது, செயினும் கேட்காது.

கிலோமீட்டர் கணக்கை நம்ப வேண்டாம். பிரேக் மிதியும் கால் வைக்கும் ரப்பரும் வழவழவென்றாகியிருக்க, மீட்டரில் 18,000 என்றால் எங்கோ இடிக்கிறது. ஸ்ப்ராக்கெட் பல் கொக்கிபோல் வளைந்திருக்கிறதா பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்னால் அழுத்த, முன் சக்கரம் தூக்கியபடி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுந்ததுபோல் பிடித்தால் ஹேண்டில் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. அது சின்னச் செலவுதான். முன் ஃபோர்க் வளைந்திருந்தால் மட்டும் எங்கே விழுந்தது என்று கேளுங்கள்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-ஆம் வாரம். வண்டியும் 2017 என்றால் டயருக்கு விலையில் கழியுங்கள்.

ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சேஸிஸ் எண்ணை, அழுக்கைத் துணியால் துடைத்து, நீங்களே படித்துச் சரிபாருங்கள்.