தையில் நட்டால் சித்திரைக்குக் கறி

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை நம்மில் ஒருவரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோல் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, காஸ் சிலிண்டர் வரிசை என்று வரிசைகளிலேயே கழிந்த நாட்கள் அவை. அந்த மாதம்தான் அரசாங்க அலுவலர்களுக்கு வெள்ளிக்கிழமைகளிலும் விடுமுறை என்று அறிவிக்கப்பட்டது. ஜூன் 17 முதலாவது வெள்ளி. எரிபொருளை மிச்சப்படுத்துவது ஒரு காரணம். வீட்டுத்தோட்டம் செய்து உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிப்பது மற்றக் காரணம். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாட்கள் கையில் கிடைத்தன. கூலி வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு அந்த விடுமுறையும் இல்லை, வேலையும் இல்லை என்பது வேறு கதை.

விடுமுறை கிடைத்தவர்களில் நானும் ஒருத்தி. திருகோணமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. கொத்தினேன், சாணம் போட்டேன், ஒரு பைக்கற் பயிற்றை விதை வாங்கி ஊன்றினேன். முளைத்தது. மூன்று இலையும் விட்டது. அதற்குப் பிறகு கச்சான் காற்று தன் வேலையைக் காட்டியது. காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கே காணாமற் போகும். இரண்டு கிழமையில் எல்லாம் கருகிக் குச்சியாகிவிட்டன. பக்கத்து வளவுப் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன பிள்ளை, கச்சானுக்குள்ள ஆராவது பயித்தை போடுவாங்களா? உது கொழும்புப் பக்கத்து மழைக்குச் சொன்ன லீவு!"

பெரியம்மா மூதூர்ப் பக்கம். தோட்டம் செய்தே பிள்ளைகளை வளர்த்தவர். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் கொழும்பு, காலி, இரத்தினபுரிப் பக்கங்களில் தென்மேல் பருவமழை பெய்யும். அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக நம்முடைய பக்கம் இறங்குகிறது. அதைத்தான் நாம் கச்சான் என்கிறோம். நமக்கு மழை வருவது வாடைக்காற்றோடு. திருகோணமலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். ஆகவே புத்தகங்களில் வசந்தகாலத் தோட்டம் என்று எழுதியிருப்பதை இங்கே தையில்தான் தொடங்க வேண்டும். மண் ஈரம், கிணறு நிறைவு, வெயில் இதம், காற்று மெதுவு. இத்தனையும் ஒன்றாகச் சேர்வது அந்த ஒரு மாதத்தில்தான்.

அதே மாதத்தில் நமக்கு ஒரு விடுமுறையும் வருகிறது. தைப்பொங்கல் நாடு முழுவதற்கும் பொது விடுமுறை. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் சகோதரிகளுக்கும் அது வேலையற்ற நாள்தான். பொங்கல் ஜனவரி 14இல் அல்லது 15இல் வரும். 15ஆம் திகதியிலிருந்து எண்ணினால் சித்திரை வருடப்பிறப்புக்குச் சரியாக 89 நாட்கள். வெண்டியும் பயிற்றையும் 50 நாட்களில் காய்க்கத் தொடங்கும். நாற்றாக நட்ட மிளகாயும் கத்தரியும் 60, 70 நாட்களில் பலன் தரும். கீரைக்கு 25 நாள் போதும். தையில் நட்டால் சித்திரைச் சமையலுக்குச் சந்தைக்குப் போகாமல் கறி ஆக்கலாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை ஓர் ஆண்டுக்குள் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. சந்தையில் கத்தரிக்காயைக் கையில் எடுத்து, விலையைக் கேட்டு, திரும்ப வைத்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! அப்படி ஒரு காலம் இனி வராது என்று யாரும் நமக்கு எழுதித் தரவில்லை.

சரி, பொங்கல் விடுமுறைக்குள் என்ன செய்வது? முதலில் செய்ய வேண்டியது கொத்துவதல்ல, வாளிகளை எண்ணுவது.

பத்து அடி நீளம், மூன்று அடி அகலத்தில் ஒரு பாத்தியை வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் நின்று கை எட்டும் அகலம் அது. தை மாதத்தில் இந்தப் பாத்தியிலிருந்து வெயிலும் செடியும் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர் ஏறக்குறைய பத்து லீற்றர், அதாவது ஒரு வாளி. பங்குனி, சித்திரையில் அது கூடிக்கொண்டே போகும். கச்சான் தொடங்கினால் இரண்டு வாளி இல்லாமல் முடியாது. நான்கு பாத்தி போட்டால் தையில் நான்கு வாளி, பிறகு எட்டு வாளி, ஒவ்வொரு நாளும். உங்களால் எட்டு வாளி அள்ளிச் சுமக்க முடியுமா? வீட்டில் உதவிக்கு யார் இருக்கிறார்கள்? முதுகிலும் காலிலும் செல் துண்டோடு நடமாடும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு பாத்தி போதும். அரை வாளியாக இரண்டு தடவை கொண்டுபோனாலும் தண்ணீர் தண்ணீர்தான். தையில் உற்சாகமாக ஆறு பாத்தி வெட்டி, மாசியில் மூன்றைக் கைவிட்டு, பங்குனியில் எல்லாவற்றையும் கைவிட்ட தோட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீரை எண்ணாமல் விதையை எண்ணியதுதான் அங்கே நடந்த பிழை.

அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் கணக்கில் சேரும். சவர்க்காரத் தண்ணீரை மட்டும் வாழைக்கு விடுங்கள். பாத்தியைக் காய்ந்த இலையால் அல்லது வைக்கோலால் இரண்டு விரற்கடை மொத்தத்துக்கு மூடிவிட்டால் ஈரம் நிற்கும், களையும் குறையும். சருகைக் கூட்டி எரிக்கும் வழக்கத்தை நிறுத்தினாலே இதற்குத் தேவையானது கிடைத்துவிடும்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு கவனமும் வேண்டும். நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர் மணல் நிலங்களில் மழைநீர், அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. இயந்திரம் போட்டு ஒரேயடியாக இறைத்தால் மேலே உள்ள நன்னீர் முடிந்து கீழிருந்து உவர் ஏறிவரும். 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு உப்பாகிப்போன கிணறுகளை இறைத்து இறைத்துத் துப்புரவாக்கப் பார்த்தவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று அள்ளுவதே நல்லது. தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். நாக்கில் உவர்ப்புத் தெரிந்தால் மிளகாயை விட்டுவிட்டு பீற்றூட் போடுங்கள், அது தாங்கும். அந்தத் தண்ணீரை இலையில் தெளிக்காமல் அடியில் மட்டும் ஊற்றுங்கள்.

இனி அந்த மூன்று நாட்கள். கத்தரியையும் மிளகாயையும் பொங்கலன்று விதைத்தால் பிந்திவிடும். நாற்றுக்கு நான்கு, ஐந்து கிழமை வேண்டும். ஆகவே மார்கழி பிறக்கும்போதே பழைய தட்டிலோ வெட்டிய கலனிலோ மண் நிரப்பி, தாழ்வாரத்தில் மழை அடிக்காத உயரத்தில் வைத்து விதையுங்கள். தரையில் நாற்றுமேடை போட்டால் அடைமழையோடு போய்விடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மகாவலி பெருகி, கீழ்ப்பகுதி ஊர்கள் வெள்ளத்தில் நின்றதை மறக்கவில்லைத்தானே? பள்ளமான வளவென்றால் பாத்தியை அரை அடி உயர்த்துங்கள்.

பொங்கலுக்கு முதல் நாள் வளவு கூட்டும்போதே பாத்தியை வெட்டி, மக்கிய சாணத்தைக் கலந்து தண்ணீர் விட்டு வையுங்கள். பொங்கலன்று காலை பொங்கலோடு போகட்டும். வெயில் தாழ்ந்த பிறகு நாற்றை நடலாம். நாற்று நட மாலைதான் நல்லது, இரவுக் குளிரில் வேர் பிடித்துவிடும். ஒரு பாத்தியில் கத்தரி எட்டு, அடுத்ததில் மிளகாய் பன்னிரண்டு. மறுநாள் மாட்டுப்பொங்கல். பட்டி வைத்திருப்பவர்கள் அன்று பட்டியைத் துப்புரவு செய்வார்கள், கேட்டால் சாணம் சும்மா கிடைக்கும். பச்சைச் சாணத்தை உடனே செடிக்குப் போட வேண்டாம், வேரைச் சுட்டுவிடும். குவித்து மூடி வையுங்கள், புரட்டாசிக்கு உதவும். அன்றே வெண்டியும் பயிற்றையும் ஊன்றிவிடலாம். மிச்சமாகும் இடத்தில் பாதியில் கீரை தூவி, மறுபாதியைப் பத்து நாள் கழித்துத் தூவுங்கள். ஒரே நாளில் எல்லாம் முற்றிவிடாது.

பொங்கலும் வருடப்பிறப்பும் எல்லா வீட்டுக்கும் சந்தோஷமான நாட்கள் அல்ல. காணாமற் போனவரின் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கும் வீடுகளும், வைக்காமலே விடும் வீடுகளும் இருக்கின்றன. கணவனை இழந்தவள் நல்லநாளில் முதல் விதையைத் தொடக்கூடாது என்று சொல்பவர்கள் இன்னும் சில ஊர்களில் உண்டு. எங்கள் பெரியம்மாவுக்கும் அப்படிச் சொன்னார்களாம். "நான் தொடாட்டி ஆர் தொடுறது?" என்று கேட்டுவிட்டு ஊன்றினாராம்.

திரும்பி வந்து குடியேறியவர்களுக்கு ஒரு முக்கியமான விடயம். 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து வெளியேறிய மக்களுக்கு 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் காணிகள் திரும்பக் கிடைத்தன. அந்த ஆண்டு ஓகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு ஓடியவர்களும் உண்டு. பழகிய வளவுதானே என்று பற்றை மூடிய மூலைகளில் கவலையில்லாமல் மண்வெட்டியைப் போடாதீர்கள், தீயும் வைக்காதீர்கள். இரும்புத் துண்டோ தெரியாத பொருளோ தென்பட்டால் தொடவும் வேண்டாம், எடுத்து எறியவும் வேண்டாம். வந்த வழியே பின்வாங்கி, தூரத்தில் ஓர் அடையாளம் வைத்து, பிள்ளைகளை அண்டவிடாமல் கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். அந்த மூலையில் பூசணி இல்லாவிட்டால் குறைவில்லை.

உறவினர் வீட்டிலோ வாடகை வளவிலோ இருப்பவர்கள் உரப்பையில் நடலாம். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய சாணம், அடியில் நாலைந்து துளை. ஒரு பைக்கு ஒரு கத்தரி. வீடு மாற வேண்டி வந்தாலும் கூடவே கொண்டு போகலாம். தோட்டத்துக்கென்று மட்டும் கடன் எடுக்காதீர்கள். கிழமைக்குக் கிழமை கட்டும் கடனுக்கு நான்கு பாத்தி ஈடுகொடுக்காது. விதைக்கும் ஆலோசனைக்கும் உங்கள் பகுதிக் கமநல சேவைகள் நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அது அவருடைய வேலை.

கட்டாக்காலி மாடு ஒரு இரவில் மூன்று மாத உழைப்பை மேய்ந்துவிடும். வேலிக்குக் கிளுவைக் கதியாலைக் கார்த்திகை மழையிலேயே நட்டுவிட்டால் தைக்குள் தளிர்த்திருக்கும். மிளகாய் இலை சுருண்டால் வேப்பம் விதையை இடித்து இரவு ஊறவைத்து, வடித்துத் தெளியுங்கள்.

அடுத்த பெரிய விடுமுறை சித்திரை வருடப்பிறப்பு. அது நடும் நாளல்ல, விதை எடுக்கும் நாள். நன்றாகக் காய்த்த செடியில் ஒரு கத்தரிக்காயைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்க விடுங்கள். பயிற்றையில் நான்கைந்து காயைக் கொடியிலேயே காயவிடுங்கள். கத்தரி விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து ஈரமில்லாத போத்தலில் அடைத்து, மாதத்தை எழுதி ஒட்டுங்கள். விதை வாங்கும்போதே கலப்பின விதையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கலப்பினத்தில் எடுத்த விதை தாயைப் போல வராது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய ஊதாக் கத்தரி, எம்.ஐ.2 மிளகாய் போன்றவற்றில் எடுத்து வைக்கலாம். வைகாசி பிறந்தால் பாத்திகளைக் குறைத்துவிட்டு, குளிக்கும் இடத்தில் பசளி, வேலியோரம் முருங்கை, அகத்தி என்று காற்றைத் தாங்குபவற்றோடு இருந்துகொள்ளலாம்.

2023 தைப்பொங்கலன்று மாலை நான் மறுபடி பயிற்றை ஊன்றினேன். இந்தத் தடவை பைக்கற் விதையல்ல, பெரியம்மாவின் ஹோர்லிக்ஸ் போத்தலில் இருந்தது. ஒரே ஒரு பாத்தி. சித்திரை வருடப்பிறப்பன்று காலையில் ஒரு கை நிறையப் பறித்து, பாதியை வேலிக்கு மேலால் அவரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "விதைக்கு விட்டனீயா?" என்று மட்டும் கேட்டார்.