கரண்ட் போனா கணக்கு என்னாகும்?



நம்ம மல்லாங்கிணற்றிலிருந்து பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் ஒரு அக்காவுக்கு வாரச் சம்பளம் 3000 ரூபாய் வங்கியில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணினிக்கு இதில் இரண்டு வேலை. ஆலைக் கணக்கில் 3000 கழிக்கணும். அக்கா கணக்கில் 3000 கூட்டணும். கழித்து முடித்து, கூட்டுவதற்குள் கரண்ட் போச்சுன்னா? பணம் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. ஒரு வார உழைப்பு என்னாவது?

இதைக் காப்பாற்றுவதுதான் ‘லாக்’ என்ற குறிப்பேடு. வணிகவியல் பிரிவில் படிக்கும் எங்களுக்கு இது புதுசு இல்லை. எந்த நடவடிக்கையையும் முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவோம். தரவுத்தளமும் அப்படித்தான். ஆனால் குறிப்பேட்டில் எதை எழுதுவது என்பதில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. நான் மூன்றை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

1. எஸ்.க்யூ.லைட்: பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலுக்கு 2019-ல் வந்த புத்தகத்தில் இது உண்டு. ஒரு பக்கத்தை மாற்றும் முன் அதன் பழைய நகலைத் தனிக் கோப்பில் எடுத்து வைக்கும். பாதியில் நின்றால், அடுத்த முறை திறக்கும்போது பழையதையே திரும்ப வைத்துவிடும். சம்பளம் போடாத நிலை வரும், மறுபடி போட்டுக்கலாம். 2010 முதல், புதிய பக்கத்தைத் தனிக் கோப்பில் எழுதிப் பிறகு சேர்க்கும் முறையும் இதில் உண்டு.

2. மை எஸ்.க்யூ.எல்.: இதன் ‘இன்னோ டி.பி.’ பகுதி இரண்டு குறிப்பு வைக்கிறது. ‘ரீடூ லாக்’கில் புதிய மாற்றம், ‘அன்டூ லாக்’கில் பழைய மதிப்பு. ‘கமிட்’ ஆன நடவடிக்கை என்றால் ரீடூவைப் பார்த்து முடித்து வைக்கும். ஆகாதது என்றால் அன்டூவைப் பார்த்து ரத்து செய்யும்.

3. போஸ்ட்கிரெஸ்: 2001-ல் வந்த 7.1 பதிப்பிலிருந்து புதிய மாற்றத்தை லாகில் எழுதுகிறது. அன்டூ லாக் கிடையாது! ஏன்? இது பழைய வரியை அழிப்பதே இல்லை. புதிய வரியைத் தனியாக எழுதும். நடவடிக்கை முடியலைன்னா புது வரி செல்லாது, பழையதே செல்லும். வேண்டாத வரிகள் சேர்ந்து இடத்தை அடைக்கும் என்பதால், ‘வேக்யூம்’ என்று அவ்வப்போது கூட்டிப் பெருக்கணும்.

நம்ம தமிழ்நாட்டுக்காரர்

தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர் சி. மோகன். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்தபோது, 1992-ல் நான்கு சகாக்களுடன் ‘ஏரீஸ்’ என்ற முறையை வெளியிட்டார். கரண்ட் வந்ததும் செய்ய வேண்டியவை மூன்று. முதலில் லாகைப் படித்து எது பாதியில் நின்றது என்று பார். அடுத்து, முடிந்தது முடியாதது எல்லாவற்றையும் மறுபடி செய். கடைசியில் முடியாததை மட்டும் ரத்து செய். ஐ.பி.எம்.மின் டி.பி.2, மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் எல்லாம் இந்த வழியில் வந்தவையே.

கவனிக்க!

குறிப்பேடு நினைவகத்தில் மட்டும் இருந்தால் பிரயோஜனம் இல்லை, வட்டில் பதியணும். இன்னோ டி.பி.யில் இதற்கு ஓர் அமைப்பு உண்டு. அது 1 என்று இருந்தால் கமிட் ஆகும்போதெல்லாம் வட்டில் பதியும். வேகத்துக்காக 0 அல்லது 2 என்று மாற்றினால், கரண்ட் போகும்போது கடைசி ஒரு விநாடிக் கணக்கு போய்விடலாம். அந்த ஒரு விநாடியில் எத்தனை பேர் சம்பளமோ!

யோசியுங்கள்: கமிட் ஆகி லாகும் வட்டில் பதிந்துவிட்டது. பேரேட்டில் ஏறும் முன் கரண்ட் போச்சு. அக்காவுக்குச் சம்பளம் உண்டா, இல்லையா? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி, இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்கள்.