வேகத்தை கூட்டினால் பேட்டரி 'காலி'!
கையில் பிடிக்கும் கேம் கம்ப்யூட்டர்: ரூ.70 ஆயிரம் போடும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

சேலம்:

செல்போனில் கேம் ஆடிப் பழகிய பையன்கள் அடுத்ததாக வீட்டில் கேட்கும் பொருள், கையில் பிடித்து விளையாடும் கேம் கம்ப்யூட்டர். பார்க்க பெரிய செல்போன் மாதிரி இருக்கும். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பட்டன். ஆனால் உள்ளே இருப்பது முழு கம்ப்யூட்டர்.

விலைதான் தலையை சுற்ற வைக்கும். அசுஸ் நிறுவனத்தின் 'ஆர்.ஓ.ஜி. அல்லை' 2023-ம் ஆண்டு ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோது விலை ரூ.69 ஆயிரத்து 990. தறி ஓட்டும் குடும்பத்துக்கு இது பல மாத சம்பளம். தவணை கட்டியாவது வாங்கித் தரும் பெற்றோர், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்?

லாரி கணக்குதான்

நாமக்கல் லாரி டிரைவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று புரியும். லோடு ஏற்றிய வண்டி நிதானமாக போனால் மைலேஜ் கிடைக்கும். அதே வண்டி தொப்பூர் கணவாயில் ஏறும்போது டீசலை குடித்துத் தள்ளும். இங்கே டீசல் டேங்க் என்பது பேட்டரி. என்ஜின் என்பது உள்ளே இருக்கும் சிப்.

டேங்கின் கொள்ளளவை 'வாட் ஹவர்' என்று சொல்வார்கள். அல்லை மெஷினில் இது 40. சிப்பை 25 வாட்டில் முழு வேகத்தில் ஓட்டினால், திரை, ஃபேன் செலவும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் கூட தாங்காது. அதே சிப்பை 10 வாட்டுக்கு இறக்கினால் சுமார் இரண்டரை மணி நேரம் ஓட்டலாம்.

சரி, கரண்டை இரண்டு மடங்கு கொடுத்தால் வேகமும் இரண்டு மடங்கு ஆகுமா? ஆகாது. சிப் வேகமாக ஓட வேண்டும் என்றால் வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலே கரண்ட் செலவு எகிறி விடும். கடைசியாக கிடைக்கும் கொஞ்ச வேகத்துக்குத்தான் அதிக விலை கொடுக்கிறோம்.

பழைய சண்டை

இது இன்று நேற்று வந்த பிரச்சினை அல்ல. 1989-ல் ஜப்பானின் நின்டெண்டோ 'கேம் பாய்' கருவியை கொண்டு வந்தது. கலர் கிடையாது, திரையில் வெளிச்சம் கிடையாது. ஆனால் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சைசில் 4 செல் போட்டால் 10 மணி நேரத்துக்கு மேல் ஆடலாம்.

அடுத்த ஆண்டே போட்டிக்கு வந்த சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' கலர் திரையோடு பளபளவென்று இருந்தது. 6 செல் போட்டும் 5 மணி நேரம் தாண்டுவதே கஷ்டம். முடிவு என்ன? கேம் பாய், அதன் கலர் மாடலையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது. கேம் கியர் விற்றது சுமார் ஒரு கோடி.

நிறுவனங்கள் என்ன செய்கின்றன?

2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம் டெக்' மெஷினை வெளியிட்டது. 2 முதல் 8 மணி நேரம் ஆடலாம் என்று நிறுவனம் சொன்னது. 2023 நவம்பரில் புது மாடல் வந்தது. அதில் கேம் வேகத்தை பெரிதாக கூட்டவில்லை. சிப்பை சிறியதாக்கி, பேட்டரியை 40-ல் இருந்து 50 வாட் ஹவர் ஆக்கினார்கள். ஆடும் நேரம் 3 முதல் 12 மணி என்று உயர்ந்தது.

அசுஸ் வேறு வழியில் போனது. 2024-ல் வந்த 'அல்லை எக்ஸ்' மாடலில் பேட்டரியை ஒரே அடியாக 80 ஆக்கியது. எடை கூடியது சுமார் 70 கிராம்தான்.

அப்படியானால் 150, 200 என்று பேட்டரியை பெரிதாக்கிக்கொண்டே போகலாமே? முடியாது. கை வலிக்கும் என்பது ஒரு பக்கம். 100 வாட் ஹவருக்கு மேல் உள்ள பேட்டரியை விமானத்தில் கொண்டு போக விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதனால் இனி வரும் மெஷின்களில் சிப்பையும் சாப்ட்வேரையும் சிக்கனமாக்குவதுதான் முக்கிய வழி.

சாப்ட்வேரும் பேட்டரியை தின்னும். ஆபீஸ் வேலைக்காக செய்த விண்டோஸ், பின்னணியில் பல வேலைகளை ஓட்டிக்கொண்டே இருக்கும். இதை குறைக்க 2025 அக்டோபரில் வந்த 'எக்ஸ்பாக்ஸ் அல்லை' மாடல்களில் கேமுக்கென்றே தனி முகப்பு வைத்தார்கள்.

சேலம் வெயில் தாங்குமா?

நம்ம ஊருக்கு இதுதான் பெரிய கேள்வி. ஸ்டீம் டெக் நன்றாக வேலை செய்ய சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று வால்வ் நிறுவனமே 2022-ல் சொன்னது. அதற்கு மேல் போனால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தை தானே குறைத்து விடலாம். சேலம், நாமக்கல்லில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்குள் கேட்கவே வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய முழு வேகம் பகலில் கிடைக்காமல் போகலாம். சூடு ஏற ஏற பேட்டரியின் ஆயுளும் குறையும்.

என்ன செய்யலாம்?

* கேமின் வேகத்தை நொடிக்கு 60 படத்தில் இருந்து 40 படமாக குறைத்து வைத்தால் சார்ஜ் நன்றாக மிச்சமாகும். சின்ன திரையில் வித்தியாசம் பெரிதாக தெரியாது.

* திரை வெளிச்சத்தை பாதியாக்குங்கள்.

* போர்வை, தலையணை மேல் வைத்து ஆடக்கூடாது. காற்று போகும் ஓட்டை அடைபடும்.

* சாதாரண செல்போன் பவர் பேங்க் இதற்கு ஈடு கொடுக்காது. எத்தனை வாட் தரும் என்று பார்த்து வாங்க வேண்டும்.

* பேட்டரி உப்பினால் உடனே நிறுத்தி விட வேண்டும். குத்தவோ அமுக்கவோ கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

வீட்டில் பிளக் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆடப்போகிறான் என்றால், அதே காசுக்கு லேப்டாப் வாங்கினால் படிப்புக்கும் ஆகும். பஸ், ரெயில் பயணத்தில்தான் ஆட்டம் என்றால், கடைக்காரர் சொல்லும் வேகத்தை விட பெட்டியில் போட்டிருக்கும் வாட் ஹவர் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.