இரவுப் பணியும் எண்பது விழுக்காட்டு வருகையும்: முதுநிலை செவிலியர் மாணவிகள் அறிய வேண்டிய சட்டம்

முதுநிலை செவிலியர் படிப்பில் பயிலும் பட்டியல் சாதி மாணவி ஒருவர் சட்ட உதவி கேட்டு வந்தார். வாரத்தில் மூன்று இரவுகள் மட்டும் வந்தால் போதும் என்று கூறி, ஒரு சிறிய தனியார் மருத்துவமனை அவரைப் பணியில் சேர்த்தது. மூன்று இரவுகள் சில வாரங்களில் ஐந்தாயின. மறுத்தபோது, சேர்க்கையின்போது வாங்கிவைத்த இளநிலைப் பட்டச் சான்றிதழைத் தர முடியாது என்றார்கள்.

இவர் ஏன் வேலைக்குப் போனார்? முதுநிலையில் சேரவே ஓராண்டுப் பணி அனுபவம் வேண்டும் என்கிறது இந்திய செவிலியர் குழுமம். ஆகவே வகுப்பறைக்குள் நுழையும்போதே அவர் சம்பாதிக்கும் மகள். வீட்டு வாடகையும் தம்பியின் கட்டணமும் அந்த ஊதியத்தை நம்பி நிற்கின்றன. படிப்பு தொடங்கும் நாளில் அது நின்றுபோகிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கான மத்திய கல்வி உதவித்தொகைத் திட்டம், முன்கட்டணம் இன்றிச் சேர்க்கை பெற வழி செய்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 விழுக்காடு தர வேண்டும். ஆனால் தொகை தாமதமானால் கல்லூரி மாணவியிடமே கட்டணம் கேட்கிறது. கிறித்தவம் தழுவிய தலித் மாணவிகளை மத்தியத் திட்டம் கணக்கில் கொள்வதே இல்லை. அவர்களுக்குத் தமிழக அரசின் உதவி மட்டுமே. இந்த இடைவெளியை இரவுப் பணி நிரப்புகிறது.

இப்படிப்பு இரண்டாண்டு முழுநேரப் படிப்பு. தேர்வெழுத ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துமுறை, செய்முறை இரண்டிலும் 80 விழுக்காடு வருகை வேண்டும்; விடுப்பின் காரணம் எதுவாயினும் விலக்கில்லை. பட்டம் பெறுமுன் செய்முறைப் பயிற்சி முழுவதும் நிறைவுற வேண்டும். ஆகவே "வசதியான நேரம்" என்னும் வாய்ச்சொல்லை நம்பக் கூடாது. எந்த நாள்கள், எத்தனை மணி, தேர்வு மாதத்தில் விடுப்பு உண்டா என்பவை பணி ஆணையில் எழுத்தில் இருக்க வேண்டும். மாதச் சம்பளத்தைவிட ஷிப்டுக்கு இவ்வளவு என்னும் ஏற்பாடு மாணவிக்குப் பாதுகாப்பானது. கூடுதல் இரவை மறுக்க இடம் இருக்கும்.

எவ்வளவு கேட்பது? செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் அளித்த உத்தரவைத் தொடர்ந்து, ஒன்றிய அரசு அமைத்த குழு பரிந்துரைகளை அளித்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், 50 படுக்கைகளுக்குக் குறைந்தவை 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் தர வேண்டும் என்றது. மாதம் 26 பணிநாள் எனக் கொண்டால் ஒரு ஷிப்டுக்கு ஏறத்தாழ 770 ரூபாய். இது பரிந்துரைதான், சட்டமன்று. ஆனால் பேரம் பேசும்போது கையில் இருக்க வேண்டிய எண். (2015-இல் ஒப்பந்தச் செவிலியரை 7,700 ரூபாய் மாத ஊதியத்தில் அமர்த்தியது தமிழக அரசு என்பதையும் மறக்க வேண்டாம்.) இதற்கு மாறாக, குறைந்தபட்ச ஊதியம் சட்டக் கடமை, தனியார் மருத்துவமனைகளும் அதற்குக் கட்டுப்பட்டவை.

சான்றிதழ் விவகாரத்தில் சட்டம் தெளிவானது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு, நிலுவைக்காகப் பிறர் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொது உரிமையை வங்கியாளர் முதலான சிலருக்கே தருகிறது; மற்றவர்களுக்கு வெளிப்படையான ஒப்பந்தம் இருந்தாலன்றி அவ்வுரிமை இல்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருளன்று என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியுள்ளது. எனவே "மூலச் சான்றிதழை ஒப்படைக்கச் சம்மதம்" என்னும் வரியுள்ள தாளில் கையெழுத்திடாதீர்கள். சான்றொப்பமிட்ட நகல் போதும். ஒப்பந்த முறிவுக்கு இரண்டு லட்சம் என்று எழுதியிருந்தாலும் அத்தொகை அப்படியே கிடைத்துவிடாது. 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் வழங்கும்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவில், பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி அளிக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைய அலுவலகத்தில் மனு கொடுத்தால் போதும்.

அந்த மாணவிக்காகப் பதிவஞ்சலில் ஓர் அறிவிப்பு அனுப்பினோம். சான்றிதழ் திரும்ப வந்தது. வருகைக் குறைவை மட்டும் ஈடுசெய்ய முடியவில்லை. அவ்வாண்டுத் தேர்வை அவர் எழுதவில்லை.