வீட்டுக்கு ஒரு பாட்டுப் பெட்டி

மல்லேஸ்வரத்தின் குறுக்குத் தெருக்களில் விடியற்காலையில் நடப்பவர் சற்றுக் காது கொடுத்தாரானால், எது தமிழர் வீடு என்பதைப் பெயர்ப்பலகை பாராமலே அறிந்துகொள்ளக்கூடிய காலம் ஒன்று இருந்தது. சன்னல் வழியே வரும் வானொலி அதைச் சொல்லிவிடும். பெங்களூரில் வானொலி நிலையம் 1955 நவம்பர் 2-ஆம் நாள் தொடங்கியது. அதன் கன்னட நிகழ்ச்சிகளையும் கச்சேரிகளையும் நம்மவர் விரும்பிக் கேட்டனர். ஆயினும் தமிழ் கேட்க வேண்டுமென்றால் 1938-இல் தொடங்கிய சென்னை நிலையத்தையும், 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையத்தையும், இலங்கை வானொலியையுமே தேடித் திருகினர். இரைச்சலுக்கு நடுவே தமிழ் வந்து சேரும். வீடு முழுவதும் அதைக் கேட்கும்.

இன்று ஆளுக்கொரு கைபேசி. காதுக்கொரு ஒலிவாங்காக் குமிழ். பாட்டி கேட்பது பேரனுக்குத் தெரியாது. பேரன் கேட்பது பாட்டிக்குத் தெரியாது. இதனால் பாட்டு மட்டுமா போகிறது? பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், தெருவில் கன்னடமும் கேட்டு வளரும் நம் குழந்தைக்குத் தமிழ் செவியில் விழும் இடம் வீடு ஒன்றே. அடுக்களையில் தோசை வார்க்கும் நேரத்தில் ஒலிக்கும் செய்தியும் பாட்டும் நாடகமும், எவரும் கற்பிக்க முற்படாமலே சொற்களை அதன் காதில் இட்டுச் செல்கின்றன. ஆதலால், நடுக்கூடத்தில் எல்லோரும் கேட்க ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்குவதைச் சில்லறைச் செலவென்று எண்ணி அவசரத்தில் முடித்துவிடலாகாது.

நம் பகுதியை ஒட்டி வயலின் வடிவத்தில் நிற்கும் சௌடையா நினைவு மண்டபத்தை அறியாதார் இலர். அது 1980-இல் எழுந்தது. வயலின் மேதை சௌடையா (1895–1967) தம் வாத்தியத்தின் ஒலி பெரிய கூட்டத்தின் கடைசி வரிசைக்கு எட்டவில்லையே என்று கவன்று, நான்கு தந்திக்கு மாறாக ஏழு தந்தி பூட்டிய வயலினை அமைத்துக்கொண்டார். ஒலிபெருக்கிகள் பரவாத காலத்தில் அவருக்கு அந்தக் கவலை நியாயமானது. நமக்கோ கவலை நேர்மாறானது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீடு. கடைசி வரிசை என்று நமக்கு ஒன்று இல்லை. அப்படியிருந்தும் கடைக்குப் போனவுடன் நாம் கேட்கும் முதற்கேள்வி, 'இது எத்தனை வாட்?' என்பதாக இருக்கிறது! அத்தகைய அறைக்கு ஐந்து முதல் பத்து வாட் தாராளம் என்பது எம் கருத்து. பெட்டியின் மேல் 'பி.எம்.பி.ஓ.' என்ற எழுத்துகளோடு ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருந்தால், அந்த எண்ணைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. அது கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு. 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்திருப்பதே தொடர்ந்து தரக்கூடிய வலிமை.

ஒலியின் தன்மையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகருக்கு மீட்டும் தம்புராவின் மந்தர ஷட்ஜம் நொடிக்கு ஏறக்குறைய 65 அதிர்வுகள் உடையது. மிருதங்கத்தின் தொப்பியும் இப்படிப்பட்ட கீழ்நிலை நாதமே. உள்ளங்கை அளவுப் பெட்டியில் இருக்கும் இரண்டங்குலக் கூம்பினால் அவ்வளவு காற்றை அசைக்க இயலாது. அப்படியானால் நாம் கேட்பது எதனை? அந்த நாதத்தின் மேலடுக்குச் சுரங்கள் மட்டும் காதில் விழுகின்றன. அவற்றைக் கொண்டு அடிநாதத்தை மனமே இட்டு நிரப்பிக்கொள்கிறது. இயற்கை நமக்கு அளித்த பேருதவி இது. இக்குறையை ஓரளவு ஈடு செய்யவே, பல பெட்டிகளின் பக்கவாட்டில் மின்னிணைப்பு இல்லாத ரப்பர்த் தகடு ஒன்றைப் பொருத்துகிறார்கள். உள்ளே அழுந்தும் காற்றால் அது தானே அசைந்து கீழ்நிலை ஒலிக்குத் துணை செய்கிறது. ஆனால் சில பெட்டிகளில் இந்த முயற்சி அளவு மீறிவிடுகிறது. 'தும் தும்' என்ற அதிர்வு எல்லாவற்றையும் மூடிக்கொள்கிறது. கடைக்காரர் சத்தமாகப் போட்டுக் காட்டும் புதுப் பாட்டுக்கு அது நன்றாகத்தான் இருக்கும்!

ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருக்கும் பெற்றோரை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். முதுமையில் செவி முதலில் இழப்பது மேல்நிலை ஒலிகளை. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவன பெரும்பாலும் அவ்வொலிகளே. கீழ்நிலை முழக்கம் மிகுந்தால் அவை இன்னும் மங்கும். 'பத்து' என்பதும் 'பட்டு' என்பதும் ஒன்றாகிவிடும். முதியவர் 'சத்தம் போதவில்லை' என்று சொல்லும்போது பல வேளைகளில் அவர் வேண்டுவது தெளிவைத்தான். ஒலியைக் கூட்டினால் தெளிவு வாராது.

ஆகவே கடையில் சோதிக்கும்போது நம் கைபேசியையே இணைத்து, நாம் அன்றாடம் கேட்பவற்றையே போட்டுப் பார்க்க வேண்டும். முதலில் தமிழ்ச் செய்தி அல்லது சொற்பொழிவு. ஒலியைப் பாதிக்கும் கீழே வைத்து, ஆறடி தள்ளி நின்று, ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்கிறதா என்று கவனிக்க. பிறகு 1950-களின் திரைப்பாடல் ஒன்று. அக்காலப் பதிவுகள் ஒற்றைத் தடத்தில் அமைந்தவை. அவற்றுக்காக இரண்டு பெட்டி வாங்க வேண்டுவதில்லை. கடைசியாக, தம்புராவோடு கூடிய வாய்ப்பாட்டு. சுருதி கரகரப்பின்றி நிற்குமானால் பெட்டி தேறிவிட்டது என்று கொள்ளலாம். சம்பிகே சாலைக் கடைகளாயினும், எஸ்.பி. ரோடாயினும், இவ்வளவுக்குப் பொறுமை காட்டாத கடைக்காரரிடம் வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் குடும்பத்துக்குப் போதுமான பெட்டி கிடைக்கிறது.

புளூடூத் என்ற பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹரால்டின் பட்டப்பெயர். ஸ்வீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் உருவான இம்முறையைப் பரப்ப, 1998-இல் ஐந்து நிறுவனங்கள் ஒன்று சேர்ந்தன. சிதறிக் கிடந்த நாட்டவரை ஒன்றுபடுத்திய அரசன் பெயர், சாதனங்களை ஒன்றுபடுத்தும் முறைக்குப் பொருந்தும் என்று கருதினர். அதன் அலை 79 தடங்களில், பாண்டி ஆடும் சிறுமி கட்டம் விட்டுக் கட்டம் தாண்டுவதுபோல, நொடிக்கு 1,600 முறை தாவிச் செல்கிறது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் இருந்தும் பாட்டு பெரும்பாலும் அறுபடாதிருப்பது இதனால்தான். முப்பது அடி எட்டும் என்பது வெட்டவெளிக் கணக்கு. மல்லேஸ்வரத்துப் பழைய வீடுகளின் தடித்த சுவர்களுக்கு அப்பால் அது செல்லுபடியாகாது.

குடும்பத்தில் நேரும் தொல்லை வேறொன்று. பெட்டி மகனின் கைபேசியோடு இணைந்திருக்கும். அவன் அலுவலகம் புறப்பட்டதும் பாட்டு நின்றுவிடும். தாயாருக்கு மீண்டும் இணைக்கத் தெரியாது. இதை உணர்ந்தே போலும், சரிகம நிறுவனம் 2017-இல் 'கார்வான்' என்ற பெட்டியை வெளியிட்டது. பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்ட கம்பெனியே இது. 5,000 பாடல்களை உள்ளேயே பதித்து, பழைய வானொலியைப் போன்ற தோற்றமும் திருகு குமிழும் வைத்தார்கள். இதற்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு. கைபேசியோடு பழகாத முதியவர் தனித்திருக்கும் வீட்டுக்கு இதனினும் ஏற்றது ஒன்றை யாம் கண்டிலோம். ஆனால் அந்நிறுவனத்தின் களஞ்சியத்தில் உள்ள பாடல்களே அதில் இருக்கும். விரும்பிய பாட்டை நினைத்தவுடன் எடுப்பதும் எளிதன்று.

அதிலும் புளூடூத் இணைப்பு இருக்கிறது என்பதை மறவற்க. சென்னை, திருச்சிப் பண்பலை ஒலி பெங்களூருக்கு எட்டாது. பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் அந்நிலையங்கள் இரைச்சலின்றிக் கிடைக்கின்றன. அன்று இரவில் குமிழைத் திருகித் திருகித் தேடிய தமிழை இன்று ஒரு விரல் தொட்டுக் கொணரலாம். வீட்டில் எப்போதும் இருக்கும் ஒருவரின் கைபேசியோடு பெட்டியை இணைத்து வைப்பதே நலம்.

மின்கலத்தைப் பற்றி இரண்டொரு சொல். இத்தனை மணி நேரம் ஓடும் என்று அட்டையில் காண்பது குறைந்த ஒலியில் கணக்கிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவுக் குறி உள்ளதா என்று பார்த்து, ரசீதோடு வாங்குக. 'ஐ.பி.எக்ஸ். 7' என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி கிடந்தாலும் பழுதாகாது என்று பொருள். அடுக்களைக்கு அவ்வளவு வேண்டாம், நீர்த்துளி தாங்கும் 'ஐ.பி.எக்ஸ். 4' போதும். இரும்பு அலமாரியின் மேல் வைத்தால் அலமாரியும் சேர்ந்து பாடும். மரப்பலகையில், செவி உயரத்தில் வைப்பது நன்று.

இரவு பத்து முதல் காலை ஆறு மணி வரை குடியிருப்புப் பகுதியில் ஒலி 45 டெசிபெலைத் தாண்டலாகாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த அளவு. ஐந்து மணிக்கே சுப்ரபாதம் வைக்கும் அன்பர்கள், பெட்டியைப் பொதுச் சுவரிலிருந்து எடுத்துத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் குறைந்த ஒலியே போதும். அடுத்த வீட்டார் ஆறு மணி வரை உறங்குவர்.