பள்ளத்தில் விழுந்த பிறகு

ஐப்பசி அடைமழை பிடித்து இரண்டு வாரம் ஆனால் போதும், சென்னையில் வீல் அலைன்மென்ட் கடைகளின் வாசலில் கார்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது, எண்பதைத் தொட்டால் வண்டி அதிர்கிறது, முன்பக்கம் ‘டக் டக்’ என்று ஏதோ தட்டுகிறது. வருகிறவர்களின் புகார் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். காரணமும் பல நேரம் ஒன்றுதான்: தேங்கிய தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த பள்ளம்.

சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏற ஒரு நொடிகூட ஆவதில்லை. அந்த நொடியில் ஏற்படும் சேதம் பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாயில் சரிசெய்யக்கூடியது. செலவு லட்சத்தைத் தொடுவது அதற்கப்புறம்தான். ‘வண்டி ஓடுகிறதே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அடுத்த அரை மணி நேரம் ஓட்டுகிறோமே, பாக்கெட்டைக் காலி செய்வது அந்த அரை மணி நேரம்.

முதலில் பள்ளம் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடலாம். தார்ச்சாலை என்பது ஜல்லியைத் தார் பிடித்துவைத்திருக்கும் ஓர் ஏற்பாடு. அந்தப் பிடிக்கு முதல் எதிரி தண்ணீர். மேற்பரப்பில் விழும் மெல்லிய விரிசல் வழியாக மழைநீர் இறங்கி, ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே புகுந்து இரண்டையும் பிரிக்கிறது. மேலே லாரி ஏறும்போது உள்ளே சிக்கிய நீர் அழுத்தம் தாங்காமல் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும்; போகிற போக்கில் அடித்தளத்து மண்ணையும் அரித்துக்கொண்டு போகும். கீழே வெற்றிடம், மேலே தார்த்தோல். அடுத்து வரும் பேருந்து மிச்ச வேலையை முடித்துவிடும். குளிர்நாடுகளில் நீர் உறைந்து விரிந்து சாலையைப் பிளக்கிறது. நமக்குப் பனிக்கட்டி தேவையில்லை, வடகிழக்குப் பருவமழையே போதும்.

மழையை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்கேபிள், இணையக் கேபிள், மழைநீர் வடிகால், மெட்ரோ ரயில் என்று ஒவ்வொன்றுக்கும் சாலை வெட்டப்படுகிறது. வெட்டிய இடத்தில் மண்ணைத் தள்ளி, சரியாக அழுத்தாமல் மேலே தாரைப் பூசினால், முதல் பெருமழையிலேயே அது உள்வாங்கும். பள்ளத்தை முறையாக மூட வேண்டுமென்றால் அதன் ஓரங்களைச் சதுரமாக வெட்டி, உள்ளே ஈரமும் தூசியும் இல்லாமல் சுத்தம் செய்து, தார்க்குழம்பு பூசி, கலவையை அடுக்கடுக்காகப் போட்டு அழுத்த வேண்டும். நடைமுறையில் பல தெருக்கள் பார்ப்பது ஒரு லோடு ரப்பிஷ் மட்டுமே. அது இரண்டு நாளில் சாலையெங்கும் சிதறிப் பைக்குகளை வழுக்கிவிடும்.

இதற்கு மாற்று நம் ஊரிலேயே பிறந்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் கழிவுப் பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஒவ்வொரு கல்லையும் போர்த்திக்கொள்ளும் என்று காட்டினார். அந்தப் போர்வைக்கு மேல் தார் கலந்தால் தண்ணீர் நடுவே நுழைவது கடினம். சென்னை நுங்கம்பாக்கத்தின் ஜம்புலிங்கம் தெரு, 2002-இல் இப்படிப் போடப்பட்ட தொடக்ககாலச் சாலைகளில் ஒன்று. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இனி காருக்கு வருவோம். வண்டியைக் காயப்படுத்துவது பள்ளத்தின் ஆழத்தைவிட அதன் எதிர்க்கரைதான். உள்ளே இறங்கிய சக்கரம் அந்தக் கூரான விளிம்பில் மோதும்போது, டயரின் பக்கச்சுவர் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டி நசுங்குகிறது. எந்தக் கார் எவ்வளவு தாங்கும் என்பதை டயரில் அச்சிட்டிருக்கும் எண்களே சொல்லிவிடும். 185/65 ஆர் 15 என்றிருந்தால் டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம். 215/45 ஆர் 17 என்றால் அந்த உயரம் 97 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஷோரூமில் பெரிய அலாய் வீலைப் பார்த்து மயங்கி ‘டாப் மாடல்’ எடுத்தவர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவிலிருந்த மெத்தையை விற்றுத்தான் அந்த அழகை வாங்கியிருக்கிறார்.

நசுங்கியதில் டயருக்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்தால், மேலே ரப்பர் கிழியாமலேயே ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குப் பக்கவாட்டில் வீங்கும். காற்று இறங்காது, வண்டியும் ஓடும். அதனாலேயே இது ஆபத்தானது. அந்த இடத்தில் காற்றைத் தடுத்து நிறுத்துவது வெறும் ரப்பர்தான்; நெடுஞ்சாலை வேகத்தில் அது வெடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. பஞ்சர் கடையில் இதற்கு வைத்தியம் கிடையாது, டயரை மாற்றியே ஆக வேண்டும். இரும்பு ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் வீலில் விரிசல் விட்டால் வெல்டிங் வைத்துத் தர ஆள் இருக்கிறார்கள். குடும்பத்தோடு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு அந்த வெல்டிங்கை நம்பக் கூடாது.

டயரைவிடப் பெரிய செலவு வண்டியின் அடிவயிற்றில் காத்திருக்கிறது. இன்ஜினுக்குக் கீழே, மெக்கானிக்குகள் ‘சேம்பர்’ என்று சொல்லும் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. சிறிய கார்களில் அதில் மூன்று, நான்கு லிட்டர் ஆயில் இருக்கும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது வண்டியின் மூக்கு தாழ்ந்து, சேம்பர் கல்லிலோ தார் விளிம்பிலோ இடித்தால் கீறல் விழும். ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசியும். ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. சில கிலோமீட்டர் கழித்து டேஷ்போர்டில் எண்ணெய்க்குவளை வடிவில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்த உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தால் சேம்பரும் புது ஆயிலும் இழுவை வண்டி வாடகையும்தான் செலவு. ‘இதோ, பக்கத்தில்தானே ஷெட்’ என்று ஓட்டினால், ஆயில் இல்லாத இன்ஜினுக்குள் உலோகத்தோடு உலோகம் உரசி, எல்லாம் சேர்ந்து இறுகிவிடும்.

காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. சேம்பர் உடைந்தது விபத்து. முழுக் காப்பீடு இருந்தால் அதற்குப் பணம் உண்டு. அதன்பின் ஓட்டி இன்ஜின் இறுகியது விபத்தைத் தொடர்ந்து வந்த இழப்பு. வழக்கமான பாலிசி அதை விலக்கிவைக்கிறது. தண்ணீர் நிறைந்த பள்ளத்தில் நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் நீரை இழுத்துவிடுவதும் இதே கணக்கில்தான் சேரும். ‘இன்ஜின் ப்ரொடெக்ட்’ என்று கூடுதல் பிரீமியம் கட்டியவர்களுக்கு நிபந்தனைகளோடு வழி உண்டு. அந்த நிபந்தனைகளை வண்டி நின்றபின் படிப்பதில் பிரயோசனமில்லை.

ஆகவே, பலமாக அடிபட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஐந்து நிமிடம் செலவிடுவது நல்லது. நான்கு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்து, செல்போன் டார்ச்சை அடித்துக் கீழே குனிந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். தெளிந்த நீர் சொட்டினால் அது ஏசி தண்ணீர், பயமில்லை. பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் ஆயில். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறமென்றால் ரேடியேட்டர் கூலன்ட். இந்த இரண்டில் எது சொட்டினாலும் சாவியைத் திருப்பக் கூடாது. மின்சாரக் காரில் ஆயில் தொல்லை இல்லை. ஆனால் தரைக்கடியில் பரந்து கிடப்பது பேட்டரி. அடியில் பலமாக இடித்திருந்தால் சார்ஜ் போடும் முன் சர்வீஸ் சென்டரில் காட்டிவிட வேண்டும்.

மற்ற சேதங்கள் சத்தம் போட்டுத் தங்களைக் காட்டிக்கொடுக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘டக்’ என்றால் லிங்க் ராட், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். வேகம் கூடக்கூட ‘ஊ...’ என்ற இரைச்சலும் கூடினால் வீல் பேரிங். நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நின்றால் அலைன்மென்ட் போயிருக்கிறது. அலைன்மென்ட்டை மட்டும் சரிசெய்துகொண்டு திரும்புவது பலர் செய்வது. லோயர் ஆர்மே வளைந்திருந்தால் அந்தச் சரிசெய்தல் ஒரு வாரம்கூடத் தாங்காது, புது டயரும் ஒரு பக்கமாகத் தேயும்.

சரி, கிளெய்ம் போடலாமா? மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. முழுக் காப்பீடு இருந்தாலும் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் போன் செய்ய வேண்டும். பெரும்பாலான பாலிசிகளில் டயர் தனியாகப் பாழானால் பணம் கிடையாது. வண்டியின் வேறு பாகமும் சேர்ந்து அடிபட்டிருந்தால் டயரின் விலையில் பாதி கிடைக்கும். உலோக பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துத் தேய்மானம் கழிப்பார்கள். மூன்று முதல் நான்கு வயதுக்குள் இருக்கும் வண்டிக்கு 25 சதவீதம். 1500 சிசி வரையுள்ள காரென்றால் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய்.

மூன்றரை வயதுக் கார் ஒன்றில் டயர் 6,000 ரூபாய், லோயர் ஆர்மும் ரிம்மும் சேர்ந்து 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டயருக்கு 3,000, உலோகத்துக்கு 4,500, மொத்தம் 7,500. கட்டாயக் கழிவு போகக் கைக்கு வருவது 6,500. இனி நோ கிளெய்ம் போனஸைப் பார்க்கலாம். மூன்று ஆண்டு கிளெய்ம் இல்லாமல் இருந்தவருக்கு இப்போது 35 சதவீதத் தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த ஆண்டு 45, அதற்கடுத்து 50 என்று உயரும். கிளெய்ம் போட்டால் பூஜ்யத்திலிருந்து 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்றால், ஐந்தாண்டில் இழக்கும் தள்ளுபடி 12,000 ரூபாய். வண்டிக்கு வயதாக ஆகப் பிரீமியம் குறையும் என்பதால் இந்தத் தொகையும் சற்றுக் குறையலாம். அப்படியும் 6,500-க்காக இதை விடுவது நஷ்ட வியாபாரம்தான். சேம்பர் உடைந்து, சஸ்பென்ஷன் வளைந்து, பில் நாற்பது, ஐம்பதாயிரம் என்று போனால் மட்டும் யோசிக்காமல் கிளெய்ம் போடலாம். அப்போது வண்டியை நகர்த்தும் முன் பள்ளமும் காரும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துவைப்பது உதவும்.

வரியும் சுங்கமும் கட்டுகிற நாம் ஏன் இந்தச் செலவையும் சுமக்க வேண்டும் என்ற கேள்விக்குச் சட்டம் அரை பதில்தான் வைத்திருக்கிறது. 2013 முதல் 2017 வரை நாட்டில் 14,926 பேர் சாலைப் பள்ளங்களால் இறந்ததை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இதில் காரின் ஷாக் அப்சார்பரைப் பற்றிப் புலம்புவது கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. இருசக்கர வாகனத்தில் போகிறவருக்குப் பள்ளம் என்பது உயிர் விஷயம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையைத் தரமாக அமைக்காமலும் பராமரிக்காமலும் விட்டதால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், பள்ளத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய், காயமடைந்தவருக்கு 50,000 முதல் இரண்டரை லட்சம் வரை இழப்பீடு என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு கேரளத்தில் திருச்சூர் அருகே பாலியேக்கரை சுங்கச்சாவடியில், சாலை மோசமாக இருக்கும்போது கட்டணம் வாங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்திவைத்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை.

இவற்றில் எதிலும் காரின் ரிம்முக்கு இழப்பீடு இல்லை. இங்கிலாந்தில் சாலையைப் பராமரிக்கும் உள்ளாட்சி மன்றத்திடமே கார்க்காரர் பணம் கேட்டு மனுக் கொடுக்கலாம். ஆனால் ஒழுங்காகச் சோதித்துப் பராமரித்தோம் என்று நிரூபித்தால் 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி மன்றம் தப்பித்துக்கொள்ளும். அதனால் அங்கேயும், அந்தப் பள்ளத்தைப் பற்றி முன்பே யாராவது புகார் செய்திருந்தார்களா என்பதில்தான் வழக்கு நிற்கிறது. பெங்களூரு ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி புகாரையே கலையாக்கினார். 2015-இல் ஒரு பள்ளத்தில் முதலைப் பொம்மையை இறக்கிவிட்டார். 2019-இல் விண்வெளி வீரர் உடையில் ஒருவரைக் குழிகளுக்கு நடுவே நிலவில் நடப்பதுபோல் நடக்கவிட்டுப் படமெடுத்தார். படம் பரவியதும் மாநகராட்சி ஓடிவந்து சாலையைச் சரிசெய்தது. எல்லாருக்கும் முதலை செய்ய வராது. சென்னையில் மாநகராட்சிச் சாலையென்றால் 1913, தேசிய நெடுஞ்சாலையென்றால் 1033 என்ற எண்ணில் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துவைக்கலாம். மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு ‘நம்ம சாலை’ செயலி இருக்கிறது.

ஓட்டும்போது நினைவில் வைக்க அதிகமில்லை. தேங்கிய நீரைப் பள்ளமாகவே கருத வேண்டும். பள்ளம் தெரிந்தால் அதற்கு முன்னாலேயே பிரேக் பிடித்து, உள்ளே இறங்கும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். பிரேக் அழுத்தியபடி இறங்கினால் முன்பக்க ஸ்பிரிங் ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கும், அடியை வாங்க அதற்கு இடமிருக்காது. வேகம் இரட்டித்தால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், அறுபதிலிருந்து முப்பதுக்கு இறங்குவதே பெரிய பாதுகாப்பு. கடைசி நொடியில் ஸ்டீயரிங்கை வெட்டவே கூடாது. பக்கத்தில் பைக் வந்துகொண்டிருக்கும்.

மழைக்கு முன் இன்னொரு வேலை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பல புதுக் கார்களில் ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருக்கும். அதை மாட்டினால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருப்பார்கள்.