படுத்தே கிடந்தால் ரத்தம் உறையும்!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நோயாளி கண் விழித்தார்.

"பச்சை உடம்பு. அசையாமல் படு" என்கிறார்கள், வீட்டுப் பெரியவர்கள்.

அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால், அந்த அன்பே ஆபத்தாக முடிவது உண்டு!

காலில் ஒரு பம்பு

அடிபம்பை அழுத்தினால் தண்ணீர் மேலே வருகிறது அல்லவா? அதுபோல, நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிகிறது. காலில் உள்ள ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளுகிறது.

படுத்தே கிடந்தால் இந்தப் பம்பு ஓயும். ரத்தம் தேங்கும், உறைந்து கட்டியாகும். ஆபரேஷன் ஆனவர்களுக்கும், பிள்ளை பெற்றவர்களுக்கும் ரத்தம் எளிதில் உறையும்.

அந்தக் கட்டி பெயர்ந்து, நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

இதை முதன்முதலில் தெளிவாக விளக்கியவர், ஜெர்மன் டாக்டர் ருடால்ப் விர்ஷோ. அவர் பிறந்த நாளான அக்டோபர் 13-ந் தேதியை, 2014-ம் ஆண்டு முதல் "உலக ரத்த உறைவு தினம்" என்று கடைப்பிடிக்கிறார்கள்.

தடுப்பது எப்படி?

டாக்டர் அனுமதித்ததும் எழுந்து நடக்க வேண்டும். பலரை, ஆபரேஷன் நடந்த அன்றோ மறுநாளோ நடக்கச் சொல்லுகிறார்கள். எழ முடியாதவர்கள், படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டலாம்.

ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு "ஹெப்பாரின்" போன்ற ஊசி போடுவார்கள். 1916-ல் அமெரிக்க மருத்துவ மாணவர் ஒருவர் செய்த ஆராய்ச்சியில் பிறந்த மருந்து, ஹெப்பாரின். "உடம்பு தேறிவிட்டதே, ஊசி எதற்கு?" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முன்பு உங்களுக்கோ, உங்கள் குடும்பத்தில் யாருக்கோ ரத்தம் உறைந்தது உண்டா? கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஆஸ்பத்திரியில் சேரும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

வீட்டுக்கு வந்தாலும் சுமார் 3 மாதம் வரை கவனம் தேவை.

ஒரு கால் மட்டும் வீங்குகிறதா? கெண்டைக்கால் வலிக்கிறதா? தொட்டால் சுடுகிறதா? எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். உருவினால் கட்டி பெயர்ந்துவிடலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

திடீர் என்று மூச்சு திணறினாலோ, மார் வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்து ஆம்புலன்சை அழையுங்கள்.

உங்கள் வீட்டு நோயாளியிடம் அன்பு காட்ட வேண்டுமா? டாக்டர் சரி என்றதும், கையைப் பிடித்து நாலு அடி நடக்க வையுங்கள்!